மேக் (அலாய்) வீல் பழுது: தென்னாப்பிரிக்க வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

மழைத் தண்ணீர் நிறைந்த குழியில் இறங்கியதில் வீலின் உள்பக்கம் மயிரிழை வெடிப்பு. வெல்டிங் வைத்தால் போதும் என்கிறார் கடைக்காரர். வைக்கலாமா? (லெனேசியா)

வேண்டாம், வீலை மாற்றுங்கள். வார்ப்பு வீல்களில் பெரும்பாலானவை ஏ356 என்ற அலுமினியக் கலவை. டி6 எனப்படும் வெப்பப் பதப்படுத்தலால்தான் அதற்கு வலிமை வருகிறது. வெல்டிங் சூடு பட்ட இடத்தில் அந்தப் பதம் போய், வெல்டிங் தையலை ஒட்டிய உலோகம் மென்மையாகிவிடும். அடுத்த குழியில் வெடிப்பு அங்கேதான் திரும்ப வரும். ஆரக்கால், போல்ட் துளை, டயர் உட்காரும் விளிம்பு ஆகியவற்றில் வெடிப்பு என்றால் யோசிக்கவே இடமில்லை.

வெடிக்காமல் வளைந்து மட்டும் இருந்தால் ஹைட்ராலிக் பிரஸ்ஸில் அழுத்தி நிமிர்த்தலாம். நிமிர்த்தியதும் ஆட்டத்தை அளக்கும் டயல் கேஜ் வைத்துச் சுற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்: மேலும் கீழுமோ பக்கவாட்டிலோ ஆட்டம் 1 மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது. வளைவை நிமிர்த்தும்போதே புது வெடிப்பு விழலாம். அதனால் நுண்வெடிப்பைக் காட்டும் சாயம் ஊறவைக்கும் சோதனையும் செய்யாமல் வாங்காதீர்கள்.

நடைபாதைக் கல்லில் உரசி விளிம்பெல்லாம் சொரசொரப்பு. வீட்டிலேயே சரிசெய்ய முடியுமா? (சாட்ஸ்வர்த்)

உரசல் 1 மில்லிமீட்டர் ஆழத்துக்குள் இருந்தால் முடியும். வீலைக் கழற்றி, சோப்புத் தண்ணீரில் கழுவி, கிரீஸ் நீக்கும் திரவத்தால் துடைத்த பிறகே உப்புத்தாளைத் தொடுங்கள். அழுக்கோடு தேய்த்தால் எண்ணெயும் மெழுகும் கீறலுக்குள் இறங்கிவிடும். பெயிண்ட் அங்கே ஒட்டாமல் குட்டிக் குழிகளாக விலகும். இரும்புக் கம்பி பிரஷும் ஆகாது. அலுமினியத்தில் பதியும் இரும்புத் துகள்கள் பெயிண்டுக்கு அடியிலிருந்தே அரிப்பைத் தொடங்கும்.

துருத்திய முனைகளை 120 எண் தாளால் எடுத்து, 240, 400 என்று போங்கள். பள்ளத்துக்கு அலுமினியத் தூள் கலந்த எபாக்ஸி பட்டி. ஒரு நாள் காயட்டும். எபாக்ஸி பிரைமர் வெறும் உலோகத்திலும் பட்டியிலும் ஒருசேரப் பிடிக்கும். அதை 600 தாளால் தண்ணீர் விட்டுத் தேய்த்து, சில்வரை இரண்டு மூன்று மெல்லிய கோட்டுகளாக அடியுங்கள்.

கடைசியாக அடிக்கும் நிறமற்ற கிளியர் கோட்தான் ஆயுளைத் தீர்மானிக்கிறது. சாதாரண ஸ்பிரே டப்பாக் கிளியர் பிரேக் எண்ணெய் பட்டால் இளகிவிடும். கடினமாக்கி கலந்த கிளியர் தாங்கும். ஆனால் அதிலுள்ள ஐசோசயனேட் என்ற வேதிப்பொருள் நுரையீரலைக் கெடுக்கும், தூசி முகமூடி அதைத் தடுக்காது. அந்த ஒரு வேலையை மட்டும் காற்றுக் குழாய் முகமூடி உள்ள கடையில் கொடுங்கள். டர்பன் நகரின் கோடைப் புழுக்கத்தில் கிளியர் வெளுத்துப்போவது வழக்கம். ஜூன் முதல் ஆகஸ்ட் வரையான வறண்ட குளிர்கால நாட்களில், பனி காய்ந்தபின் அடித்தால் நன்றாக வரும்.

பவுடர் கோட்டிங் (தூளைத் தெளித்துச் சூட்டில் உருக்கும் பூச்சு) போடப்போகிறேன். கடைக்காரரிடம் என்ன கேட்க வேண்டும்? (ஃபீனிக்ஸ்)

மூன்று கேள்விகள். சூடு எவ்வளவு? பல பவுடர்கள் 180 முதல் 200 டிகிரியில் வேகும். அதற்கு மேலே போனாலும், நெடுநேரம் வைத்தாலும், பலமுறை வேகவைத்தாலும் மேலே சொன்ன டி6 பதம் குறையும். பட்டி என்ன? சாதாரண பாடி பட்டி அந்தச் சூட்டில் வெடித்துக் கிளம்பும். முன்சூடு உண்டா? வார்ப்பின் நுண்துளைகளில் உள்ள காற்று முதலிலேயே வெளியேறாவிட்டால் கோட்டிங்கில் கொப்புளம் வரும்.

இவற்றையெல்லாம்விட முக்கியம்: போல்ட் உட்காரும் குழிகளும், ஹப்பில் (வீல் மாட்டப்படும், சுழலும் நடுப்பகுதியில்) அமரும் பின்முகமும் கண்டிப்பாக மறைக்கப்பட வேண்டும். அங்கே கோட்டிங் இருந்தால் ஓட்டத்தில் நசுங்கும், போல்ட் இறுக்கம் தளரும், வீல் கழன்றே போகலாம்.

லேத்தில் பளபளவென்று வெட்டிய முகம். கிளியருக்கு அடியில் வெள்ளைப் புழு நெளிவதுபோல் கோடுகள். (டோங்காட்)

கல் தெறித்த இடத்திலோ, கிளியர் மெலிந்த கூர்முனையிலோ கடற்காற்றின் உப்பீரம் நுழைந்து பரவியிருக்கிறது. மேலே பாலிஷ் போடுவது வீண். கிளியரை முழுக்க எடுத்து, மறுபடி லேத்தில் சீவி, புதிதாக அடிக்க வேண்டும். ஒவ்வொரு சீவலும் உலோகத்தைத் தின்கிறது. ஏற்கெனவே இருமுறை சீவியதென்றால் முழுவதும் பெயிண்ட் அடித்துவிடுங்கள். கிளியரை எடுக்க காஸ்டிக் சோடாவோ அது கலந்த அடுப்பு கிளீனரோ வேண்டாம். இரண்டும் அலுமினியத்தையே கரைக்கும்.

ஃபோக்ஸ்வாகன் போலோ விவோ காருக்கு வெளி மார்க்கெட் வீல். பழுது பார்த்தும், பேலன்ஸ் செய்தும், வேகத்தில் ஸ்டீயரிங் நடுங்குகிறது. (மெர்பேங்க்)

வீலின் நடுத்துளையைப் பாருங்கள். உங்கள் ஹப் 57.1 மில்லிமீட்டர், வெளி வீல்கள் பல 73.1. இடைவெளியை நிரப்பும் வளையம் பெயிண்ட் கடையிலேயே விடுபட்டிருக்கலாம். போல்டையும் பாருங்கள்: காரோடு வந்த போல்டில் வீலில் உட்காரும் பகுதி உருண்டை, வெளி வீல்கள் பெரும்பாலும் 60 டிகிரி கூம்புக் குழி. பொருந்தாத போல்ட் ஓரத்தில் மட்டுமே தொடும். சரியானதைப் போட்டு, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் 120 நியூட்டன் மீட்டருக்குக் குறுக்கு வரிசையில் இறுக்குங்கள். 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி சரிபாருங்கள்.