எடைக்குப் போடாதீர்கள்

கேள்வி: வீட்டுக்கு வெள்ளையடிக்கப் போகிறோம். அலமாரியில் 400 புத்தகங்கள் இருக்கும். தேசிங்குராஜன் கதை, வேலூர்ப் புரட்சி, இலங்கை வரலாறு, திருப்புகழ், சமையல் குறிப்பு என்று எல்லாம் கலந்து கிடக்கின்றன. "ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை. ஒரு துறையை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை எடைக்குப் போடுங்கள் அப்பா" என்கிறான் மகன். எனக்கும் சரியென்றே படுகிறது. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?
– ஒரு வாசகர், குடியாத்தம்

பதில்: போடாதீர்கள். மகன் சொன்னதில் எனக்கு வருத்தமில்லை, அவர் அந்தப் புத்தகங்களைப் படித்தவர் இல்லை. படித்த நீங்களே சரி என்று தலையாட்டுவதுதான் வருத்தம். நீங்கள் எழுதியிருக்கும் பெயர்களை வைத்தே சொல்கிறேன்.

தேசிங்குராஜன் கதை என்னிடமும் இருக்கிறது. பெரிய எழுத்துப் பதிப்பு, நூல் பிரிந்து, ஓரமெல்லாம் பழுப்பேறிப்போனது. குதிரையில் ஏறிப் போன செஞ்சி ராஜா, 1714-இல் ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கானோடு மோதி மாண்டான். மனைவி உடன்கட்டை ஏறினாள். அந்த ராணியின் நினைவாக நவாப் அமைத்த ஊர்தான் ஆற்காட்டுக்கு எதிர்க்கரையில் இருக்கும் ராணிப்பேட்டை என்று நம் பக்கத்தில் வழிவழியாகச் சொல்கிறார்கள். ஜெயித்தவன் தோற்றவனின் மனைவிக்காக ஓர் ஊர் வைத்தான் என்பதை நினைத்தாலே எனக்கு மனசு கனத்துவிடும்.

அடுத்து உங்கள் வேலூர்ப் புத்தகம். 1806 ஜூலை 10, விடிவதற்கு முன் கோட்டைக்குள் கிழக்கிந்தியக் கம்பெனியின் இந்தியச் சிப்பாய்கள் எழுந்தார்கள். நெற்றியில் குறி இடக்கூடாது, கடுக்கன் கூடாது, தோல் வைத்த புதுத் தலைப்பாகை அணிய வேண்டும் என்று வந்த உத்தரவுகள்தாம் பற்றவைத்த நெருப்பு. உத்தரவு தளபதி கிராடக்குடையது. அப்போது சென்னையில் கவர்னர், வில்லியம் பெண்டிங்க். கம்பெனி இருவரையுமே திருப்பி அழைத்துக்கொண்டது.

பெண்டிங்க் என்ற பெயரை வேறெங்கோ படித்திருக்கிறீர்கள் அல்லவா? பள்ளிக்கூடத்தில்தான். 1829-இல் உடன்கட்டை ஏறுவதைத் தடைசெய்த அதே ஆள், இப்போது கவர்னர் ஜெனரல். சட்டம் போடுவதற்கு முன், சிப்பாய்கள் கொதித்துவிடுவார்களா என்று ராணுவ அதிகாரிகளிடம் ரகசியமாகக் கருத்துக் கேட்டார். வேலூரில் சூடு பட்டவர், இந்த முறை விசாரித்துவிட்டுத்தான் கைவைத்தார் என்று நான் படித்துக்கொள்கிறேன். ராணிப்பேட்டை ராணியின் சிதையையும் வேலூர்க் கோட்டையின் துப்பாக்கிச் சத்தத்தையும் ஒரே மனிதரின் பெயர் கட்டிப்போடுகிறது. வரலாற்றை மட்டும் வைத்துக்கொண்டு தேசிங்குராஜன் தெருப்பாட்டுப் புத்தகத்தைப் பழைய பேப்பர்காரரிடம் கொடுத்திருந்தால் இது எனக்குக் கிடைத்திருக்காது.

இதை நான் தேடிப்போய்க் கண்டுபிடிக்கவில்லை. பெரிய எழுத்துப் புத்தகத்தின் கடைசி வெற்றுப் பக்கத்தில் பென்சிலால் "ராணிப்பேட்டை, உடன்கட்டை" என்று எப்போதோ குறித்திருந்தேன். பல வருஷம் கழித்து வேலூர்ப் புத்தகத்தில் பெண்டிங்க் வந்ததும் கை தானாக அந்தப் பழைய புத்தகத்துக்குப் போனது. நீங்களும் ஒரு பென்சில் வைத்துக்கொள்ளுங்கள். ஊர்ப்பெயர், ஆள்பெயர், வருஷம், பக்க எண், இவ்வளவு போதும். துறைவாரியாக அடுக்குவது நூலகத்துக்கு அவசியம். வருகிறவர்களுக்கு எது எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டுமே. உங்கள் வீட்டு அலமாரிக்கு வருகிறவர் நீங்கள் ஒருவர்தான்.

திருப்புகழைப் பற்றி ஒரு வரி. அருணகிரிநாதர் பாடிய வள்ளிமலையில் சமணச் சிற்பங்களும் இருக்கின்றன. சமணம் பற்றி ஏதாவது புத்தகம் இருந்தால் அதன் பக்கத்தில் வையுங்கள். சமையல் குறிப்பை உங்களிடமே விட்டுவிடுகிறேன்.

அப்புறம், அந்த இலங்கை வரலாறு. 1815-இல் பிடிபட்ட கண்டியின் கடைசி அரசர் விக்கிரம ராஜசிங்கரை வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்து வைத்தது நம் வேலூர்க் கோட்டையில். அங்கே காவலில் வைத்திருந்த திப்பு சுல்தானின் பிள்ளைகளைப் புரட்சிக்குப் பிறகு கல்கத்தாவுக்கு அனுப்பிவிட்டார்களே, அதே கோட்டை. 1832-இல் இங்கேயே இறந்தார். சமாதி பாலாற்றங்கரையில், முத்து மண்டபத்தில் இருக்கிறது. குடியாத்தத்திலிருந்து பஸ் ஏறினால் கிட்டத்தட்ட ஒரு மணி நேரம். வெள்ளையடிப்பு முடியட்டும், ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த இலங்கைப் புத்தகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு மகனோடு போய் வாருங்கள்.