கத்தரிக்கு மருந்து தேடாதீர்கள், மண்ணை மூடுங்கள்

கேள்வி: ஐயா, யீஷூன் பக்கம் பூங்காவில் தேசியப் பூங்காக் கழகம் வாடகைக்குத் தரும் பாத்தி ஒன்று எடுத்திருக்கிறேன். பூவும் பிஞ்சுமாக நின்ற கத்தரிச் செடி, இலை பழுக்காமலே பச்சையாகத் துவள்கிறது. சாயங்காலம் நிமிர்கிறது, மறுநாள் சாய்கிறது, இரண்டு மூன்று நாளில் போய்விடுகிறது. தண்ணீர் குறைவில்லை. வாரா வாரம் கொத்திக் கிளறி, ஒரு சருகுகூட இல்லாமல் சுத்தமாக வைத்திருக்கிறேன். கடையில் கொடுத்த பூஞ்சைக்கொல்லியை இரண்டு முறை தெளித்தும் பலனில்லை. இதைவிட வீரியமான மருந்து எது? போன வருஷம் இங்கேயே தக்காளியும் இப்படித்தான் போனது.

பதில்: அம்மா, பச்சையாக வாடுகிறது என்று எழுதினீர்களே, அதில்தான் விஷயம் இருக்கிறது. பூஞ்சை வாடல் என்றால் பெரும்பாலும் அடியிலை மஞ்சளாகி மெதுவாகப் போகும். இது பாக்டீரியா வாடலாகத்தான் இருக்கும். ஒரு சோதனை செய்யுங்கள். வாடிய செடியின் அடித்தண்டை ஒரு விரல் நீளம் நறுக்கி, கண்ணாடி டம்ளரில் தண்ணீர் ஊற்றி, வெட்டுவாய் மட்டும் நனையும்படி ஆடாமல் பிடியுங்கள். சில நிமிடத்தில் வெட்டுவாயிலிருந்து பால்போல வெள்ளை இழை இறங்கினால் சந்தேகமே வேண்டாம்.

அந்தப் பாக்டீரியா தண்டின் நீர்க்குழாய்க்குள் உட்கார்ந்து அடைத்திருக்கிறது. இலைமேல் எதைத் தெளித்தாலும் அங்கே போய்ச் சேராது. குணப்படுத்தும் மருந்தே கிடையாது. செடியைக் கண்ணால் பார்க்காமல், ஒரு கேள்வியும் கேட்காமல் பூஞ்சைக்கொல்லியை எடுத்து நீட்டிய கடைக்காரர் மேல் எனக்குக் கோபம்தான். எல்லா நோய்க்கும் ஒரே பாட்டில் என்று விற்கிற கடைப் பக்கமே போகாதீர்கள்.

சரி, நீங்கள் கேட்டிருக்க வேண்டியது வேறு: இந்தக் கிருமி வேருக்குள் எப்படிப் போகிறது? காயம் வழியாக. வாரா வாரம் கொத்தும்போது பக்க வேர்கள் அறுபடுகின்றன, ஒவ்வொரு அறுப்பும் அதற்கு ஒரு வாசல். நீங்கள் சுத்தம் என்று சொல்வதை நான் மண்ணின் தோலை உரிப்பது என்பேன். சிங்கப்பூரில் ஆண்டுக்கு 2,100 மில்லிமீட்டருக்கு மேல் மழை. அது வெறும் மண்ணில் நேராக அடித்தால் மேல்மண் இறுகி, சத்து கரைந்து ஓடிவிடும். மழை விட்டதும் வெயில் மண்ணைச் சுட வைக்கும். சூடும் ஈரமும் சேர்ந்தால் இந்தப் பாக்டீரியாவுக்குக் கொண்டாட்டம்.

அதனால் கொத்துவதை நிறுத்துங்கள். களையைக் கையால் கிள்ளினால் போதும். நாலு விரல் உயரத்துக்குக் காய்ந்த இலையைப் பரப்புங்கள். நம் சாலையோரத் தூங்குமூஞ்சி மர இலையைவிட நல்ல மூடாக்கு எனக்குத் தெரியாது. சின்னச் சின்ன இலை, அவரைக் குடும்பத்து மரம், சீக்கிரம் மக்கும். இவ்வளவு மரங்களை நட்டு வளர்த்துவிட்டு, உதிர்வதை மட்டும் குப்பையாகப் பார்ப்பது எனக்குப் பொறுக்காத விஷயம். ஆனால் பூங்காவில் உதிர்ந்து கிடப்பதையும் அனுமதியில்லாமல் எடுக்கக் கூடாது, கேட்டு வாங்குங்கள். அடியில் நன்றாக மக்கிய தொழுவுரம் போடுங்கள். பச்சைக் கோழி எரு வேண்டாம்.

மூடாக்கு மண்ணைத் தேற்றும், ஏற்கெனவே இருக்கும் கிருமியை உடனே விரட்டாது. அது வருஷக்கணக்கில் மண்ணில் கிடக்கும். செத்த செடியை வேரோடு பிடுங்கிப் பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள், உரக்குழியில் போடாதீர்கள். கத்தரிக்கோலை ஆல்கஹாலால் துடைத்துவிட்டு அடுத்த செடியைத் தொடுங்கள். அந்தப் பாத்தியில் இனி தக்காளி, மிளகாய், கத்தரி மூன்றும் வேண்டாம். வெண்டை, பயற்றங்காய், மக்காச்சோளம் போடலாம். 2.5 மீட்டருக்கு 1 மீட்டர் பாத்தியில் பயிர் மாற்ற இடம் ஏது என்பீர்கள். கத்தரி இல்லாமல் முடியாது என்றால் புது மண் நிரப்பிய தனித் தொட்டியில் வையுங்கள்.

அதே பாத்தியில்தான் வேண்டும் என்றால் சுண்டைக்காய்ச் செடியில் ஒட்டுக் கட்டுங்கள். சுண்டை வேர் இந்த வாடலை நன்றாகத் தாங்கும். அதன் விதை முளைக்கத் தாமதமாகும், அதனால் கத்தரிக்குச் சில வாரம் முன்பே விதையுங்கள். சுண்டைத் தண்டு பென்சில் பருமன் வந்ததும் ஆப்பு ஒட்டு கட்டி, அதாவது தண்டை வெட்டிப் பிளந்து, ஆப்புப்போல் சீவிய கத்தரிக் கொப்பைச் செருகிக் கட்டி, ஒரு வாரம் நிழலில் பிளாஸ்டிக் உறை போட்டு வையுங்கள். நடும்போது ஒட்டுப் போட்ட இடம் மண்ணுக்கு மேலே நன்றாகத் தெரிய வேண்டும். மண் அணைக்காதீர்கள், மூடாக்கும் அதைத் தொட வேண்டாம். கத்தரித் தண்டிலிருந்து ஒரு வேர் மண்ணில் இறங்கினாலும் ஒட்டுக் கட்டியது வீண்.