துல்லிய ஆயுதங்கள்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஒரு குண்டுக்கு ‘5 மீட்டர் துல்லியம்’ என்கிறார்கள். அப்படியானால் அது 5 மீட்டருக்கு அப்பால் விழவே விழாதா?

பதில்: தாராளமாக விழும். குறியை மையமாக வைத்து வட்டம் போட்டு, வீசிய குண்டுகளில் பாதி அதற்குள் விழுந்தால் அந்த வட்டத்தின் ஆரத்தைத்தான் துல்லியம் என்று சொல்கிறார்கள். மீதிப் பாதி வெளியேதான். பிழைகள் எல்லாத் திசையிலும் சமமாகப் பரவினால், 10 மீட்டருக்குள் சுமார் 94 சதவீதம் அடங்கிவிடும். 227 கிலோ குண்டின் சிதறல்களோ நூற்றுக்கணக்கான மீட்டர் பறக்கும். ஆகவே குறியில் சரியாக விழுந்தாலும் பக்கத்துக் கட்டடம் தப்பும் என்று நினைத்துவிடக் கூடாது.

கேள்வி: ஜி.பி.எஸ். சிக்னலைத் தடுத்துவிட்டால் குண்டு வழிதவறிப் போய்விடுமா?

பதில்: உடனே தவறாது. ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் இருப்பதால் அவற்றின் சிக்னல் தரைக்கு வரும்போது மிகவும் பலவீனமாகிவிடுகிறது, தடுப்பது கடினமல்ல. அதனால்தான் இந்த ஆயுதங்களுக்குள் திரும்புவதை அளக்கும் கைரோக்களும் வேக மாற்றத்தை அளக்கும் முடுக்கமானிகளும் கொண்ட இன்னொரு அமைப்பு இருக்கிறது. வெளியிலிருந்து எந்தச் சிக்னலும் வேண்டாம். புறப்பட்ட இடத்திலிருந்து எந்தப் பக்கம், எவ்வளவு நகர்ந்தோம் என்று அதுவே கணக்குப் போட்டுக்கொண்டே வரும்.

சிக்கல் என்னவென்றால், அதன் பிழை நேரத்தின் வர்க்கத்தில் வளர்கிறது. முடுக்கமானி புவியீர்ப்பில் ஆயிரத்தில் ஒரு பங்கு தவறாகக் காட்டுகிறது என்று வையுங்கள். ஒரு நிமிடத்தில் சுமார் 18 மீட்டர் பிசகும். பத்து நிமிடத்தில் ஒன்றரை கிலோமீட்டரைத் தாண்டிவிடும். விமானத்திலிருந்து விழும் குண்டு ஒரு நிமிடம், சற்றுக் கூடுதலாகத்தான் பறக்கிறது; அதனால் சமாளிக்கிறது. சாதாரணக் குண்டின் வாலில் பொருத்தும் ‘ஜேடாம்’ கருவிக்கு, ஜி.பி.எஸ். இருந்தால் 5 மீட்டர், இல்லாவிட்டால் 30 மீட்டர் என்பது அறிவிக்கப்பட்ட அளவு. விமானம்போலத் தாழ்வாக மணிக்கணக்கில் பறக்கும் க்ரூஸ் ஏவுகணைக்கு இது கட்டுப்படியாகாது. எனவே டோமஹாக் போன்றவை தரையின் மேடுபள்ளத்தை ரேடாரால் அளந்து, சேமித்து வைத்த வரைபடத்தோடு ஒப்பிட்டு, வழியில் தங்களைத் திருத்திக்கொள்கின்றன.

கேள்வி: லேசர் குண்டு இன்னும் துல்லியம் என்கிறார்களே, எல்லாவற்றுக்கும் அதையே பயன்படுத்தலாமே?

பதில்: குறியில் பட்டுத் திரும்பும் லேசர் ஒளியைப் பின்தொடர்ந்துதான் அந்தக் குண்டு போகிறது. அதற்குத் தெளிவான வானம் வேண்டும், குண்டு விழும்வரை யாராவது குறிமேல் லேசரைப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். மேகமோ புகையோ குறுக்கே வந்தால் போயிற்று. வியட்நாமின் தான் ஹோவா பாலத்தை 1965 முதல் பலமுறை தாக்கியும் அமெரிக்காவால் வீழ்த்த முடியவில்லை. 1972 ஏப்ரல் 27 அன்று லேசர் குண்டுகளோடு போனபோது மேகம் மறைத்தது. மே 13 அன்று வானம் வழிவிட்டது, பாலம் விழுந்தது.

கேள்வி: இவ்வளவு இருந்தும் தவறான இடத்தில் குண்டு விழுவது ஏன்?

பதில்: பல நேரங்களில் குண்டு தவறுவதில்லை, குறியின் இடத்தைச் சொல்லக் கொடுத்த எண்தான் தவறு. 1999 மே 7 அன்று பெல்கிரேடில் சீனத் தூதரகத்தைத் தாக்கிய ஜேடாம் குண்டுகள் தமக்குத் தரப்பட்ட இடத்துக்கே போயின. அமெரிக்கா குறிவைக்க நினைத்த ராணுவக் கொள்முதல் அலுவலகம் வேறு இடத்தில் இருந்தது. மூன்று பேர் இறந்தார்கள். 2001 டிசம்பர் 5 அன்று ஆப்கானிஸ்தானில், தரையிலிருந்து குறியைச் சொன்ன அமெரிக்க வீரரின் ஜி.பி.எஸ். கருவியில் பேட்டரியை மாற்றியதும் அது எதிரியின் இடத்தை விட்டுவிட்டு, தான் இருக்கும் இடத்தையே திரையில் காட்டியது. அந்த எண்தான் விமானத்துக்குப் போனது. அமெரிக்க வீரர்கள் மூவரும் உடனிருந்த ஆப்கான் போராளிகளும் மாண்டார்கள். கருவியை நிறுத்தி மீண்டும் இயக்கினால், எண்ணைப் புதிதாக எடுத்து, சொல்பவர் ஒருமுறையும் கேட்பவர் ஒருமுறையும் வாசித்துச் சரிபார்க்க வேண்டும். அவசரத்தில் முதலில் விடுபடுவதும் இதுதான்.

கேள்வி: அட்சரேகையும் தீர்க்கரேகையும் சரியாக இருந்தால் போதாதா?

பதில்: போதாது, உயரமும் வேண்டும். குண்டு 45 பாகை சரிவில் இறங்குகிறது என்றால், உயரத்தில் 20 மீட்டர் பிழை தரையில் 20 மீட்டர் பிழையாகிவிடும். கடல்மட்டத்திலிருந்து அளக்கும் உயரமும் பூமியின் வடிவமாக ஜி.பி.எஸ். கணக்கில் கொள்ளும், சற்றே தட்டையான கோளத்திலிருந்து (நீள்கோளம்) அளக்கும் உயரமும் சில இடங்களில் 100 மீட்டர் வரை வேறுபடும். எதிலிருந்து அளந்த உயரம் என்று சொல்லாமல் வெறும் எண்ணை மட்டும் அனுப்பினால், மற்றதெல்லாம் சரியாக இருந்தும் குண்டு அடுத்த தெருவில் விழும்.