கோதுமைக்கு ஆறு தொகுதி குரோமோசோம்கள் எப்படி வந்தன?

மனிதனுக்கு இரண்டு தொகுதி குரோமோசோம்கள்தான் (செல்லுக்குள் மரபணுக்களைச் சுமக்கும் இழைகள்), கோதுமைக்கு மட்டும் எப்படி ஆறு, அப்படியானால் அது நம்மைவிட மேம்பட்ட உயிரா என்று கேட்டிருக்கிறீர்கள். தொண்டிப் பக்கம் உயிரியல் ஆசிரியராக இருக்கிறேன். பிளஸ் டூ பிள்ளைகளுக்கும் இந்தச் சந்தேகம் வரும்.

எண்ணிக்கைக்கும் மேன்மைக்கும் தொடர்பே இல்லை. எங்கள் மானாவாரி நெல்லுக்கும் குண்டு மிளகாய்க்கும் இரண்டே தொகுதி. இரண்டிலும் 24 குரோமோசோம்கள். கோதுமைக்கு ஆறு வந்தது மூன்று புல்லினங்கள் கலந்ததால்.

இரண்டு வேறு இனப் புற்கள் கலந்து பிறக்கும் செடி பெரும்பாலும் மலடாகிவிடும். மகரந்தமும் சூலும் உருவாகும் குன்றல் பகுப்பில் ஒவ்வொரு குரோமோசோமும் தன் இணையோடு சேர வேண்டும். கலப்புச் செடியில் இணையே கிடையாது. அபூர்வமாக, தற்செயலாக, மொத்தத் தொகுதியும் இரட்டித்துவிட்டால் எல்லாவற்றுக்கும் இணை கிடைத்துவிடும், விதை பிடிக்கும். இப்படி வந்ததுதான் நான்கு தொகுதி, அதாவது 28 குரோமோசோம் கொண்ட எம்மர் என்ற பழைய கோதுமை. பிறகு சுமார் 8,000 முதல் 10,000 ஆண்டுகளுக்கு முன், மேற்காசிய வயல்களில் அது ஈஜிலாப்ஸ் என்ற காட்டுப்புல்லோடு கலந்து மறுபடி இரட்டித்தது. ஆறு தொகுதி, 42 குரோமோசோம் ஆயிற்று. புரோட்டா மாஸ்டர் மாவை வீசும்போது அறுந்து போகாமல் விரிகிறதே, அந்த இழுவைக்குப் பெரும் காரணம் கடைசியாக வந்து சேர்ந்த அந்தக் காட்டுப்புல்லின் மரபணுக்கள்!

பூவன், மொந்தன் வாழைகளுக்கு மூன்று தொகுதி, 33 குரோமோசோம்கள். ஒற்றைப்படையாக இருப்பதால் இணை சேர்வது குழம்பிப்போகும்; அதனால்தான் விதையில்லாத பழம், பக்கக்கன்று வைத்து நடுகிறோம்.

இயற்கையில் அபூர்வமாக நடந்த இந்த இரட்டிப்பை 1937 முதல் கால்ச்சிசின் என்ற பொருளால் மனிதர்களும் செய்கிறார்கள். செல் பிரியும்போது குரோமோசோம்களை இரு பக்கமும் இழுக்கும் கதிர்கோல் இழைகள் உருவாகாமல் அது தடுத்துவிடும். குரோமோசோம்கள் இரட்டித்திருக்கும், செல் மட்டும் இரண்டாகப் பிரியாது. விதையில்லாத தர்பூசணிக்கு இதுதான் வழி: நான்கு தொகுதிச் செடியை இப்படி உருவாக்கி, இரண்டு தொகுதிச் செடியோடு சேர்த்தால் மூன்று தொகுதி விதை கிடைக்கும்; அதை நட்டு வளரும் செடியில்தான் விதையில்லாத பழம் காய்க்கும்.

கால்ச்சிசின் நிறைந்த செடிகளில் ஒன்று நம் மாநில மலரான செங்காந்தள். இந்தக் கடற்கரை மணலிலும் வேலிகளில் படர்ந்து பூத்திருப்பதை நீங்களே பார்க்கலாம். இதை வாசிக்கும் மாணவர்களுக்கு ஒன்று: பூவைத் தள்ளி நின்று பாருங்கள். கண்வலிக்கிழங்கு என்கிறோமே, இதன் கிழங்குதான் அது. கிழங்கோ விதையோ வயிற்றுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து, வீட்டில் சோதனை செய்யவே வேண்டாம்.