பூனையைப் புதைத்த இடத்தில் வைத்த செம்பருத்தி வாடுகிறது

செடியை எடுத்து இரண்டடி தள்ளி நடுங்கள். குழியைக் கிளற வேண்டாம். உங்கள் பூனை மீனுவைப் புதைத்த மூன்றாம் வாரமே அதன் மேல் வைத்தேன் என்கிறீர்கள். உடல் மட்கும்போது வரும் அம்மோனியா இளவேரைக் கருக்கியிருக்கும். உங்கள் கவனக்குறைவு இல்லை.

எடுக்கும்போது வேர்நுனியைப் பாருங்கள். கருகியிருந்தால் பெரும்பாலும் அதுதான். வெள்ளையாக இருந்தால் தண்ணீர் போதுமா என்று பாருங்கள்.

ஒன்று முக்கியம். மருத்துவர் ஊசி போட்டு மீனுவை வலியின்றி இறக்கச் செய்திருந்தால், அந்த மருந்து உடலில் நெடுநாள் தங்கும். நாய் தோண்டித் தின்றால் அதன் உயிருக்கே ஆபத்து. குழி மூன்றடிக்குக் குறைவென்றால் மேலே மண்ணும் கனமான கல்லும் போடுங்கள்.

எங்கள் கறுப்பியைப் புதைத்த இடத்திலும் ஓராண்டு வெறும் கல்தான் இருந்தது. அப்புறம் வைத்த நந்தியாவட்டை இப்போது ஆள் உயரம்.