கவுண்டரில் சொல்வது கடைசிச் சொல் இல்லை

இந்த ஜனவரியில் எச்-4 விசாவில் (எச்-1பி வேலை விசாவில் இருப்பவரின் குடும்பத்துக்கான விசா) கலிஃபோர்னியாவில் சான் ஹோசே பக்கம் வந்திருக்கும் தங்கச்சி ஒருவர் கேட்டிருக்கிறார். பக்கத்துக் கம்யூனிட்டி காலேஜில் (இரண்டு வருடப் படிப்புக்கான அரசுக் கல்லூரி) அக்கவுண்டிங் சேரலாமா, கட்டணம் எவ்வளவு, பொன்னி அரிசி எங்கே கிடைக்கும், கார் ஓட்டக் கற்ற பிறகு சேர்வது நல்லதா என்று வரிசையாகக் கேட்டுவிட்டு, கடைசியில் ஒன்று: "வாசலில் ஒருவர் வந்து காலேஜ் டிரஸ்டி தேர்தலுக்கு நோட்டீஸ் கொடுத்துவிட்டுப் போனார். எனக்கு ஓட்டே இல்லை. அதைத் தூக்கிப் போட்டுவிடலாமா?"

போட்டுவிடாதீர்கள் அம்மா. டிரஸ்டி என்றால் காலேஜை நிர்வகிக்கும் போர்டில் ஒருவர். அரிசிக் கடையைப் பக்கத்து வீட்டுக்காரர்களே காட்டுவார்கள். கார் விஷயம் உங்கள் வீட்டுக்காரரின் பொறுமையைப் பொறுத்தது. நீங்கள் போகிற போக்கில் கேட்ட அந்தக் கடைசிக் கேள்விக்குத்தான் நான் உட்கார்ந்து பதில் எழுதுகிறேன். இருபது வருடத்துக்கு முன் இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஒரு செமஸ்டர் மிஞ்சியிருக்கும்.

நான் வந்தது 2001. டாட்காம் கம்பெனிகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்த நேரம். என் வீட்டுக்காரர் ஆபீஸிலிருந்து வந்ததும் அவர் முகத்தைப் பார்த்துத்தான் இன்றைக்கு வேலை இருக்கிறதா என்று தெரிந்துகொள்வேன். எனக்கு வேலை பார்க்க அனுமதி இல்லை, படிக்கலாம். ஒன்றரை வருடம் கழித்து, கைக்குழந்தையோடு போய் அக்கவுண்டிங்கும் இன்னும் இரண்டு பாடங்களும் எடுத்தேன். அப்போது கலிஃபோர்னியாவாசிக்கு ஒரு யூனிட்டுக்கு 11 டாலர்தான் (யூனிட் என்பது பாடத்தின் அளவுக்கான கணக்கு). நாலு யூனிட் பாடம் 44 டாலர். பில் வந்தபோது அந்த ஒரு பாடத்துக்கே 500 டாலரைத் தாண்டியிருந்தது. கவுண்டரில் கேட்டேன். "விசாவில் இருக்கிறாய், வெளிநாட்டு மாணவி" என்றார் அந்தப் பெண். பின்னால் பெரிய வரிசை. நான் ஒன்றும் பேசாமல் இரண்டு பாடங்களை விட்டுவிட்டு, ஒன்றுக்கு மட்டும் பணம் கட்டிவிட்டு வந்தேன்.

அவர் சொன்னது தப்பு. எச்-4 காரர்களைக் கட்டண விஷயத்தில் கலிஃபோர்னியாவாசியாகக் கணக்கில் எடுக்கத் தடை இல்லை. வகுப்பு தொடங்குவதற்கு முந்தைய நாளைக் கணக்காக வைத்து, அதற்கு முன் ஒரு வருடமும் ஒரு நாளும் இங்கே இருந்திருக்க வேண்டும், இங்கேயே வாழும் எண்ணத்துக்குக் காகிதம் காட்ட வேண்டும். அவ்வளவுதான். எப்-1 (மாணவர் விசா), பி (சுற்றிப் பார்க்க வருபவர்களுக்கான விசா) போன்றவற்றுக்குத்தான் அந்த வழி அடைப்பு. அதனால் "படிக்கணும்னா எப்-1க்கு மாறிடு" என்று யாராவது அறிவுரை சொன்னால் அவசரப்பட்டுத் தலையாட்டாதீர்கள். மாறினால் நாட்கணக்கு எவ்வளவு இருந்தாலும் உதவாது.

காகிதத்தில்தான் நம் பெண்கள் மாட்டிக்கொள்கிறார்கள். வாடகை ஒப்பந்தம் கணவர் பெயரில், பேங்க் கணக்கு கணவர் பெயரில், கரண்ட் பில் கணவர் பெயரில். ஒரு வருடம் இந்த ஊரில் வாழ்ந்த பெண்ணிடம் வாழ்ந்ததற்குச் சாட்சியாக ஒரு துண்டுக் காகிதம் இருக்காது. இன்றைக்கே ஒப்பந்தத்தில் உங்கள் பெயரைச் சேர்க்கச் சொல்லுங்கள். பேங்க் கணக்கைக் கூட்டுக் கணக்காக்குங்கள். மாநில வரியை இரண்டு பேர் பெயரிலும் சேர்த்துத் தாக்கல் செய்யுங்கள். லைசென்ஸ் எடுங்கள். (கார் பற்றிய உங்கள் கேள்விக்கும் இதில் பதில் வந்துவிட்டது.) உங்களுக்கு இன்னும் வருடம் முடியவில்லை. முடியும்வரை நான்-கிரெடிட் வகுப்புகள் (யூனிட் கணக்கில் சேராத வகுப்புகள்) எடுக்கலாம், அவற்றுக்குக் கட்டணம் கிடையாது.

சரி, டிரஸ்டி விஷயத்துக்கு வருகிறேன்.

நம் ஊரில் கல்லூரி என்றால் தாளாளர். நான் படித்தது நாகர்கோவில் பக்கம். மூன்று வருடத்தில் தாளாளரை மூன்று தடவை பார்த்தேன், மூன்றும் ஆண்டு விழா. வெள்ளை அம்பாசடர் வரும், நாங்கள் பன்னீர்ச் செம்போடு வரிசையில் நிற்போம். கட்டணத்தைப் பற்றி அவரிடம் கேட்கலாம் என்று யாருக்கும் தோன்றியதே இல்லை. அந்தப் பழக்கத்தோடுதான் இங்கே வந்தேன். கவுண்டரில் இருப்பவர் சொல்வதே கல்லூரி சொல்வது என்று நினைத்தேன்.

இங்கே கதை வேறு. கலிஃபோர்னியாவில் 116 கம்யூனிட்டி காலேஜ்கள், 73 டிஸ்ட்ரிக்டுகளில் (ஒரு வட்டாரத்துக் காலேஜ்களை நடத்தும் அமைப்புதான் டிஸ்ட்ரிக்ட்). சுமார் 20 லட்சம் பேர் படிக்கிறார்கள். டிஸ்ட்ரிக்டுக்கு ஒரு போர்டு, பெரும்பாலும் ஐந்து பேர் அல்லது ஏழு பேர், நாலு வருடப் பதவி. சுற்றுவட்டார மக்கள் ஓட்டுப் போட்டு அவர்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள். காய்கறிக் கடையில் உங்களுக்கு முன்னால் வரிசையில் நிற்பவர் டிரஸ்டியாக இருக்கலாம். ரிட்டயர் ஆன வாத்தியார், வக்கீல், தொழிற்சங்கக்காரர், அந்தக் காலேஜிலேயே படித்தவர் என்று பல வகை. மாணவர்கள் தேர்ந்தெடுக்கும் மாணவர் டிரஸ்டி ஒருவரும் கூட உட்காருவார். அவருடைய ஓட்டு முடிவைத் தீர்மானிக்காது, ஆனால் அவர் வாய் திறந்தால் மேடையில் எல்லாரும் நிமிர்ந்து பார்ப்பதை நான் பார்த்திருக்கிறேன். இதைச் சின்னப் பதவி என்று நினைக்காதீர்கள். இரண்டு காலகட்டங்களில் கவர்னராக இருந்த ஜெர்ரி பிரவுன் முதன்முதலாக ஜெயித்த தேர்தலே 1969இல் லாஸ் ஏஞ்சலஸ் கம்யூனிட்டி காலேஜ் போர்டுத் தேர்தல்தான். நூறு பேருக்கு மேல் நின்ற போட்டி அது.

யாரிடம் எதைக் கேட்பது என்று தெரியாமல்தான் நம் ஆட்கள் நிறையப் பேர் மூச்சை வீணடிக்கிறார்கள். கலிஃபோர்னியாவாசிக்கான கட்டணம், 2012இலிருந்து யூனிட்டுக்கு 46 டாலர், அது மாநிலத் தலைநகர் சாக்ரமெண்டோவில் சட்டசபை வைத்தது. அதை டிரஸ்டிகள் ஒரு சென்ட்கூடக் குறைக்க முடியாது. ஆனால் கலிஃபோர்னியாவாசியாகக் கணக்கில் வராதவர்களுக்கு அதன் மேல் போடும் கட்டணத்தை வருடாவருடம் ஓட்டெடுத்து முடிவு செய்வது அவர்கள்தான். இன்றைக்குப் பல காலேஜ்களில் அது யூனிட்டுக்கு 300 டாலருக்கு மேல். பட்ஜெட் அவர்களுடையது. டிஸ்ட்ரிக்டின் தலைமை அதிகாரியான சான்சலரை வேலைக்கு வைப்பதும் அனுப்புவதும் அவர்கள். ஆசிரியர் சங்கத்தோடு ஒப்பந்தம், கட்டடம், குழந்தைக் காப்பகத்தை நடத்துவதா மூடுவதா, எல்லாம் அங்கேதான் முடிவாகும். உங்களுக்கு பி போட்ட வாத்தியாரைப் பற்றி மட்டும் அங்கே போய்ச் சொல்லாதீர்கள், மார்க்கில் அவர்கள் தலையிட மாட்டார்கள்.

இதையெல்லாம் எனக்குச் சொல்லிக் கொடுத்தது என் வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்த ஒரு பிலிப்பைன்ஸ் அம்மா. அறுபது வயது இருக்கும். என் பில்லைப் பார்த்துவிட்டு, "போர்டு மீட்டிங்குக்குப் போ, யாரும் உன்னைத் தடுக்க முடியாது" என்றார். பிரவுன் சட்டம் என்று ஒன்று இருக்கிறது, 1953இல் வந்தது. (கவர்னர் பிரவுன் குடும்பத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, அவர் ரால்ஃப் பிரவுன் என்ற சட்டசபை உறுப்பினர்.) வழக்கமான கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலை 72 மணி நேரம் முன்னதாக எல்லாரும் பார்க்கும்படி ஒட்ட வேண்டும். பொதுமக்கள் பேச நேரம் ஒதுக்க வேண்டும். நீங்கள் குடிமகளா, என்ன விசா என்று கேட்கக் கூடாது. பெயர் சொன்னால்தான் உள்ளே விடுவேன் என்றும் சொல்லக் கூடாது.

போனேன். ஒரு மாலை நேரம், ஏழு மணி. குழந்தையை வீட்டுக்காரர் மடியில் வைத்துக்கொண்டு கடைசி வரிசையில் இருந்தார். முன்னால் அரைவட்ட மேஜை, பெயர்ப்பலகைகள், தண்ணீர் பாட்டில்கள். பேசுபவருக்கு எதிரே ஒரு சின்ன விளக்குப் பெட்டி. பச்சை எரிந்தால் பேசலாம், மஞ்சள் வந்தால் ஒரு நிமிடம் பாக்கி, சிவப்பு வந்தால் நிறுத்த வேண்டும். மூன்று நிமிடம். நான் ஆங்கிலத்தில் சொல்ல வேண்டியதைத் தமிழ் எழுத்தில் எழுதிக்கொண்டு போயிருந்தேன், உச்சரிப்பு தடுமாறக் கூடாது என்று. காகிதம் நடுங்கியது. மஞ்சள் எரிந்தபோது இன்னும் பாதி மிச்சம் இருந்தது. சட்டப் பிரிவு எண்ணை மட்டும் சொல்லிவிட்டு, "என்னைப் போல் இன்னும் எத்தனை பேர் கட்டியிருப்பார்கள்?" என்று கேட்டேன். சிவப்பு.

ஒருவரும் பதில் சொல்லவில்லை. தலைவர் "தேங்க் யூ" என்றார், அடுத்த பெயரைக் கூப்பிட்டார். நரைத்த முடி வைத்த ஒரு டிரஸ்டி அம்மா மட்டும் கண்ணாடியை மேலே தள்ளிவிட்டு எதையோ எழுதிக்கொண்டார். நான் வெளியே போய் சோடா மெஷின் பக்கத்தில் நின்று அழுதேன். இத்தனை பேர் முன்னால் அவமானப்பட்டதுதான் மிச்சம் என்று நினைத்தேன்.

அது அவமானம் இல்லை, அதுவும் அதே சட்டம்தான் என்று பிறகுதான் தெரிந்தது. நிகழ்ச்சி நிரலில் இல்லாத விஷயத்தை அவர்கள் அந்தக் கூட்டத்தில் விவாதிக்கக் கூடாது. அலுவலரிடம் பார்க்கச் சொல்லலாம், அடுத்த கூட்டத்துக்குப் பட்டியலில் சேர்க்கலாம். நீங்கள் போய்ப் பேசி, அவர்கள் சிலை மாதிரி உட்கார்ந்திருந்தால் மனசு உடையாதீர்கள். இதைத்தான் உங்களுக்கு முக்கியமாகச் சொல்ல வந்தேன். பத்து நிமிடம் கழித்து டை கட்டிய ஒருவர் நான் நின்ற இடத்துக்கே வந்து கார்டு கொடுத்தார். மூன்று வாரத்தில் கடிதம் வந்தது, பிறகு கூடுதலாகக் கட்டின பணத்துக்குக் காசோலை. விட்ட இரண்டு பாடங்களை அடுத்த செமஸ்டரில்தான் எடுக்க முடிந்தது. அந்த அக்கவுண்டிங்தான் இன்றைக்கு எனக்குச் சோறு போடுகிறது, ஒரு பள்ளி டிஸ்ட்ரிக்டில் சம்பளப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன்.

நம் ஆட்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். "கம்யூனிட்டி காலேஜா? அது மார்க் வாங்காதவங்க போற இடம்" என்று பொங்கல் விழாவில் உங்கள் முகத்துக்கு நேராகவே சொல்வார்கள். அதே ஆட்கள் கோடை விடுமுறையில் தங்கள் பையனை கால்குலஸ் எடுக்க அங்கேதான் அனுப்புவார்கள். இரண்டு வருடம் அங்கே படித்துவிட்டு யூசி-க்கு (கலிஃபோர்னியா பல்கலைக்கழகம்) மாறிப் போகிறவர்கள் எத்தனை பேர் என்று கூப்பர்ட்டினோ டி ஆன்சா காலேஜ் வளாகத்தில் ஒரு நாள் நின்று கேட்டாலே தெரியும். குடியுரிமை வாங்கினவர்கள் இன்னும் மோசம். ஜனாதிபதிக்கு ஓட்டுப் போட்டுவிட்டு மற்றதை வெறுமையாக விட்டுவிடுகிறார்கள். நான் முதல் ஓட்டுப் போட்டது 2016 நவம்பர். மக்களே ஓட்டுப் போட்டு முடிவு செய்யும் மாநிலக் கேள்விகள் (பிரேரணைகள்) மட்டும் 17. சாப்பாட்டு மேஜையில் சீட்டுகளைப் பரப்பி வைத்துக்கொண்டு இரண்டு இரவு படித்தேன். டிரஸ்டி பெயர்கள் எங்கோ அடியில் இருந்தன. அங்கேதான் முதலில் பேனாவை வைத்தேன்.

வீடு வாங்கியபின் சொத்து வரி பில்லைப் பார்த்து "இந்த காலேஜ் பாண்டு வரி எதுக்கு?" என்று பொங்குகிறவர்களும் இவர்களே. 2000இல் நிறைவேறிய 39ஆம் பிரேரணைப்படி, டிரஸ்டிகள் கொண்டுவரும் கட்டடக் கடன் பத்திரத்துக்கு 55 சதவீத ஓட்டு கிடைத்தால் போதும். அந்தப் பணத்தைச் சம்பளத்துக்குத் தொடக் கூடாது, மக்கள் கண்காணிப்புக் குழு ஒன்றும் வைக்க வேண்டும். நான் அப்படி ஒரு குழுவில் இரண்டு வருடம் இருந்தேன். கூட்டத்துக்கு வெளியிலிருந்து வந்து உட்கார்ந்த ஒரு தமிழர்கூட இல்லை.

டிரஸ்டிகள் எல்லாரும் நல்லவர்கள் என்று சொல்ல வரவில்லை. சிலருக்கு அது அடுத்த பதவிக்கு ஏணி. போர்டு தூங்கினால் என்ன ஆகும் என்பதற்குக் காம்ப்டன் காலேஜ் இருக்கிறது. 2004இல் மாநிலம் அங்கே போர்டின் அதிகாரத்தை எடுத்துக்கொண்டு சிறப்பு டிரஸ்டி ஒருவரிடம் கொடுத்தது. 2006இல் அங்கீகாரமே போனது, திரும்பக் கிடைக்க 2017 ஆனது. சான் பிரான்சிஸ்கோ சிட்டி காலேஜுக்கு 2013இல் கிட்டத்தட்ட அதே நிலைமை வந்தது. மக்கள் தேர்ந்தெடுத்த போர்டை ஓரமாக உட்கார வைத்து, ஒரே ஆள் எல்லா முடிவும் எடுத்தார். அங்கீகாரம் போகவில்லை, ஆனால் பயந்து போன மாணவர்கள் ஆயிரக்கணக்கில் விலகினார்கள். அதில் நம்மைப் போல் வந்த எத்தனை பேர் படிப்பை விட்டிருப்பார்கள் என்று நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது.

அந்த நோட்டீஸைப் பத்திரமாக வையுங்கள், அதில் அவருடைய போன் நம்பர் இருக்கும். எச்-4 மாணவர்களின் கட்டணத்தைப் பற்றி அவருக்கு என்ன தெரியும் என்று கூப்பிட்டுக் கேளுங்கள். ஓட்டு இல்லாதவர் என்று போனை வைத்துவிட்டால் அதையும் எனக்குச் சொல்லுங்கள், எனக்கு ஓட்டு இருக்கிறது. எந்தக் காலேஜ் என்று எழுதுங்கள், அடுத்த போர்டு கூட்டம் என்றைக்கு என்று பார்த்துச் சொல்கிறேன். உங்கள் பக்கம்தான் இருக்கிறேன், மாலை நேரம் என்றால் நானும் வந்து கடைசி வரிசையில் உட்காருகிறேன், உங்களுக்குக் குழந்தை இருந்தால் மடியில் வைத்துக்கொள்கிறேன்.