ஃபியட் 128: கேள்வி பதில்

சரவணன்: ஐயா, 128-ஐப் புரட்சி என்கிறார்கள். மினி பத்து வருஷம் முன்பே இன்ஜினைக் குறுக்கே வைத்துவிட்டதே?

குறுக்கே வைத்தது சரி. கியர்பாக்ஸ் எங்கே? மினியில் (1959) அது இன்ஜினுக்கு அடியில், ஆயில் தொட்டிக்குள் கிடந்தது. இரண்டுக்கும் ஒரே ஆயில். கியரில் தேயும் துகளும் அதே ஆயிலில்தான் சுற்றும். ஃபியட் வடிவமைப்பாளர் டான்டே ஜியாகோசா கியர்பாக்ஸை வெளியே எடுத்து, கிளட்சுக்குப் பக்கத்தில் இன்ஜினோடு ஒரே கோட்டில் நிறுத்தினார். ஆயில் தனித்தனி. இப்படி வைத்தால் டிஃபரன்ஷியல் (இரண்டு சக்கரத்துக்கும் ஓட்டத்தைப் பிரித்துக் கொடுப்பது) ஒரு பக்கமாக ஒதுங்கும். அதனால் இரண்டு டிரைவ் ஷாஃப்டும் ஒரே நீளத்தில் இராது. ஃபியட் பெயரில் உடனே இறக்காமல், 1964-ல் ஆட்டோபியாங்கி பிரிமுலாவில் சோதித்தார்கள். 1969-ல் முன்சக்கர ஓட்டத்தோடு 128 வந்தது. 1974 ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் தொடங்கி இன்று ஓடும் சின்ன கார்களில் பெரும்பாலானவை இந்த அமைப்புதான்.

ரஃபீக்: 1931-லேயே ஜெர்மன் கார் டிகேடபிள்யூ எஃப்1 குறுக்கு இன்ஜின், முன்சக்கர ஓட்டம். அதை ஏன் மறைக்கிறீர்கள்?

மறைக்கவில்லை. அது இரண்டு சிலிண்டர், டூ ஸ்ட்ரோக். அகலம் குறைவு, இடம் தானாகக் கிடைக்கும்.

ரஃபீக்: கிழக்கு ஜெர்மனியின் டிராபன்டில் கியர்பாக்ஸும் பக்கத்தில்தானே?

ஆமாம், அதுவும் இரண்டு சிலிண்டர்தான். ஜியாகோசா எதிர்கொண்டது தண்ணீரில் குளிரும் நாலு சிலிண்டர். முன்சக்கரம் முழுசாகத் திரும்பவும் இடம் வேண்டும், குடும்பம் உட்காரவும் இடம் வேண்டும். அந்தக் கணக்கை முடித்ததால்தான் அவரைச் சொல்கிறேன். ஃபியட் இன்ஜின் வடிவமைப்பாளர் ஔரேலியோ லம்ப்ரெடியின் இன்ஜினும் அதற்கு உதவியது: 1116 சிசி, போர் (சிலிண்டர் விட்டம்) 80, ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்) 55.5 மி.மீ., மேலே வால்வுகளைத் திறக்கும் ஒரு கேம்ஷாஃப்ட், அதை ஓட்டுவது ரப்பர் பெல்ட்.

கீதா: பிரீமியர் பத்மினிதானே 128?

இல்லை. பத்மினி ஃபியட் 1100 வழி வந்தது, பின்சக்கர ஓட்டம்.

பாஸ்கர்: அப்போ பிரீமியர் 118 என்இ?

அது ஃபியட் 124 வழி. அதுவும் பின்சக்கரம்தான்.

மணி: சார், பத்மினிக்கும் 128-க்கும் ஒரே இன்ஜினா?

இல்லை. கீதாவுக்குச் சொன்னதைப் படியுங்கள். பிரீமியர் கேள்விகளை இத்தோடு நிறுத்திக்கொள்வோம்.

ஜெயந்தன் (பலெர்மோ): அண்ணா, 1973 செடான் ஒண்டு விலைக்கு வந்திருக்கு. எதைப் பார்த்து வாங்கிறது?

முதலில் துரு. பெயின்ட் பளபளப்பை நம்பாதீர்கள். பானெட்டைத் திறந்து ஸ்ட்ரட் (முன் சஸ்பென்ஷன் தூண்) மேல்முனை இரண்டையும் பாருங்கள். ஸ்டெப்னி அங்கேயே இருக்கும், அதைத் தூக்கிவிட்டு அடியிலும் பாருங்கள். பிறகு காரைத் தூக்கி, பின்னால் குறுக்கே போகும் லீஃப் ஸ்பிரிங் பாடியில் பிடிக்கும் இடம். அங்கே ஓட்டை இருந்தால் வாங்காதீர்கள். வெல்டிங் செலவு காரின் விலையைத் தாண்டும்.

அடுத்து டைமிங் பெல்ட், கேம்ஷாஃப்டை ஓட்டும் அந்த ரப்பர் பெல்ட். எப்போது மாற்றினார்கள் என்று பில் இல்லையா? கி.மீ. பார்க்காமல் மாற்றுங்கள். சும்மா நின்ற வண்டியிலும் ரப்பரில் விரிசல் விழும். டென்ஷனரை (பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் உருளை) தளர்த்திக் கழற்றிய பெல்ட்டைத் திரும்ப மாட்ட வேண்டாம். புதிதை மாட்டி, இன்ஜினைக் கையால் இரண்டு சுற்று சுற்றி, டைமிங் குறிகள் சேர்கின்றனவா பார்த்த பிறகே டென்ஷனர் நட்டை இறுக்குங்கள்.

ஜெயந்தன்: வால்வ் சத்தமும் கேக்குது.

வால்வ் இடைவெளியைக் குளிர்ந்த இன்ஜினில் அளக்க வேண்டும்: இன்லெட் 0.40, எக்ஸாஸ்ட் 0.50 மி.மீ. ஸ்க்ரூ கிடையாது, டேப்பெட் மேலுள்ள ஷிம்மை (வட்டத் தகடு) மாற்ற வேண்டும். பெல்ட்டை மறக்காதீர்கள்.

லோகேஷ்: அப்போது வரவேற்பு எப்படி?

1970-ன் ஐரோப்பிய சிறந்த கார் விருது. இரண்டாம் இடம் ஆட்டோபியாங்கி ஏ112.

சுதா: எவ்வளவு காலம் ஓடியது?

இத்தாலியில் 1985 வரை. யூகோஸ்லாவியாவில் இதிலிருந்து உருவான ஜஸ்தவா 101-ஐ 1971-ல் தொடங்கினார்கள்; அந்தக் குடும்பம் செர்பியாவில் 2008 வரை தயாரிப்பில் இருந்தது.

மணி: சார், பத்மினியில் இந்த பெல்ட் போடலாமா?

பத்மினியில் டைமிங் செயின். பெல்ட் போட இடமே இல்லை.